450 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காட்டுக்கு நியூயார்க் நகரவாசி ஏன் வாக்களிக்க வேண்டும்?

நியூயார்க் நகரில் 2025 நவம்பர் 4 அன்று வாக்களிக்கச் சென்றோர், நகர மேயரைத் தேர்ந்தெடுப்பதோடு, எசெக்ஸ் கவுன்டியிலுள்ள ஒலிம்பிக் விளையாட்டு வளாகத்துக்காக மாநில அரசியலமைப்பைத் திருத்தலாமா என்ற கேள்விக்கும் விடையளிக்க வேண்டியிருந்தது. குயின்ஸிலும் மன்ஹாட்டனிலும் வாழும் தமிழ் வாசகர்கள் பலர், தாம் ஒருமுறைகூடக் கண்டிராத பனிச்சறுக்குத் தடத்துக்குத் தமது ஒப்புதல் எதற்கு என்று கடிதங்களில் வினவினர். அதற்கான விடை, நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியை இன்றளவும் காடாக வைத்திருக்கும் சட்ட ஏற்பாட்டில் இருக்கிறது.

அப்பகுதியிலுள்ள அடிரொன்டாக் பூங்கா சுமார் 60 லட்சம் ஏக்கர் பரப்புடையது; நுழைவாயிலும் நுழைவுக் கட்டணமும் அதற்கு இல்லை. சுற்றுலா விளம்பரங்கள் அதனை மனிதக் கை படாத பெருவனமாகக் காட்டினாலும், உள்ளே ஊர்களும் தனியார் மரக்காடுகளும் கலந்திருக்கின்றன. அரசியலமைப்பின் காப்பு, ‘வனக் காப்பு நிலம்’ எனப்படும் சுமார் 26 லட்சம் ஏக்கர் அரசு நிலத்துக்கு மட்டுமே உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளில் மரவெட்டு பெருகியபோது, ஹட்சன் ஆறும் ஈரி கால்வாயும் நீரிழக்கும் என்று அஞ்சிக் குரல் எழுப்பியோரில் நியூயார்க் நகர வணிகர்கள் முதன்மையானவர்கள். மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான மார்சி மலையின் சரிவிலுள்ள சிற்றேரியே ஹட்சனின் உச்சித் தலையூற்று என்பதால் அந்த அச்சம் அடிப்படையற்றதன்று. 1885ஆம் ஆண்டுச் சட்டம் காட்டைக் காக்கப் போதாதென்று கண்ட 1894ஆம் ஆண்டு அரசியலமைப்பு மாநாடு, இந்நிலத்தை என்றென்றும் வனமாகவே வைத்திருக்க வேண்டும், விற்கவோ குத்தகைக்கு விடவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது, அதன் மரங்களை அகற்றவோ அழிக்கவோ கூடாது என்னும் விதியை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. அதனைத் தளர்த்த வேண்டுமானால், இடையில் ஒரு தேர்தலைக் கடந்த இரண்டு சட்டமன்றங்கள் அடுத்தடுத்து ஒரே திருத்தத்தை நிறைவேற்ற வேண்டும். அதன்பின் மாநில வாக்காளர் அனைவர் முன்னும் அது வைக்கப்பட வேண்டும். ஆளுநரின் கையொப்பத்துக்கு அந்த வழியில் இடமே இல்லை. பிற இடங்களில் ஓர் அமைச்சரும் ஒரு துறையும் கோப்பில் முடித்துவிடும் காரியம், இங்கே பிராங்க்ஸில் பேருந்து ஓட்டுபவரின் கையில் வந்து நிற்கிறது. மாநில மக்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலானோர் நகரில் வாழ்வதால், காட்டின் பூட்டுக்குரிய சாவி பெரும்பாலும் நகரத்திடமே உள்ளது எனலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு: கீன் என்னும் சிற்றூர் தன் இடுகாட்டுக்குப் பன்னிரண்டு ஏக்கர் பெறுவதற்குக்கூட மாநிலம் முழுவதன் வாக்கையும் நாட வேண்டியிருந்தது. ஆயினும் அரசுத் துறைகளின் போக்கைக் காணும்போது, இந்த இறுக்கம் தேவையானதே.

1932ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்குக்காக, பாப்ஸ்லெட் எனப்படும் பனிவண்டிகள் பாய்ந்து செல்லும் தடத்தை இக்காப்பு நிலத்தில் அமைக்கச் சட்டமன்றம் இசைந்தது. அதற்குச் சுமார் 2,500 மரங்கள் வெட்டப்படும் என்பதால் மாநிலத்தின் உச்ச நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1930இல் அதனைத் தடுக்கவே, தடம் வேறிடத்தில் அமைந்தது. அண்மைக் காலத்திலும், ஸ்னோமொபைல் எனப்படும் மோட்டார் பனிவண்டிகளின் பாதைகளுக்காக வெட்டவிருந்த மரங்களைக் கணக்கிட்ட சுற்றுச்சூழல் துறை, மூன்று அங்குலத்துக்கும் குறைந்த விட்டமுடைய இளமரங்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டது. அவற்றையும் சேர்த்தால் தொகை ஏறத்தாழ 25,000 ஆவதை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டிய அவ்வழக்கில், 2021இல் அதே நீதிமன்றம் பாதைகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்த்தது. ஆகவே இந்நிலம் பற்றி அரசு தரும் எண்களை எண்ணும் முறையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு வாக்குச்சீட்டு தந்த எண்கள் இரண்டு: ஒலிம்பிக் வளாகம் அமைந்துள்ள வான் ஹூவன்பெர்க் மலையில் 1,039 ஏக்கர் காப்பு நிலத்தில் பனிச்சறுக்கு ஏற்பாடுகள் அனுமதிக்கப்படும், அதற்கு ஈடாக அரசு 2,500 ஏக்கர் புதிய வன நிலத்தைப் பூங்காவில் சேர்க்கும். புதிய நிலம் எது என்று வாக்குச்சீட்டிலிருந்த சுருக்கம் சொல்லவில்லை. லேக் பிளாசிட் வட்டாரத்தில் 2023இல் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளை ஒட்டி வளாகம் புதுப்பிக்கப்பட்டு, அங்குள்ள அமைப்புகள் பல ஏற்கெனவே எழுந்துவிட்டன என்பதையும், அவற்றைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது இத்திருத்தத்தின் ஒரு நோக்கம் என்பதையும் சொல்லவில்லை. எல்லை தெளிவாகும் என்பதால் காட்டுக்காகப் போராடும் அமைப்புகளே இத்திருத்தத்தை ஆதரித்தன; அந்த வாதம் வலுவானதே. ஆனால் முன்னரே கேட்டுப் பெற வேண்டிய இசைவைக் கட்டி முடித்த பின் கேட்பது வழக்கமானால், 1894இன் விதி வெறும் சடங்காகிவிடும்.

ஏனைய ஐயங்கள் சில. திருத்தம் தோற்றிருந்தால் காட்டில் நடப்பதற்குத் தடை வந்திருக்குமா? வந்திருக்காது. எப்போது செல்லலாம்? செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் முதல் வாரங்கள் வரை இலைகள் நிறம் மாறும். மே, ஜூனில் கடிக்கும் கருஈக்கள் மிகுதி. மலையேற முன்பதிவு வேண்டுமா? கீன் பள்ளத்தாக்கில் தனியாருக்குரிய அடிரொன்டாக் மலைக் காப்பகத்தின் வழியே ஏறுவோருக்கு மட்டும், மே முதல் அக்டோபர் வரை. மலைகளைத் தவிர என்ன உண்டு? புளூ மவுன்டன் லேக்கில் அருங்காட்சியகமும், சாரனாக் லேக்கில் காசநோயாளர் தங்கிய பழைய வீடுகளும்.

அத்தேர்தலின் முன்கூட்டிய வாக்குப்பதிவு அக்டோபர் 25 முதல் நவம்பர் 2 வரை நடைபெற்றது. நகர வாக்குச்சீட்டிலிருந்த ஆறு கேள்விகளில் இத்திருத்தமே முதலாவது. இத்தகைய கேள்வி மீண்டும் வரும்போது, ஆம் என்றோ இல்லை என்றோ, அதனை வெற்றாக விடாமல் குறித்துவிட்டு வருக.