படப்பிடிப்பில் சிந்தும் இரத்தம்

திரையில் கதாநாயகனின் நெற்றியில் வழிவது சாயம் என்பதை நாம் அறிவோம். அச்சாயத்தினிடையே மெய்யான இரத்தமும் சிந்துவதுண்டு என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. சண்டைக் காட்சியில் அடிபடுபவர், ஆணி கிழித்த தச்சர், ஊசி குத்திக்கொண்ட தையற்காரர், ஒரே பிளேடால் பலருக்கு முகம் மழிக்கும் ஒப்பனையாளர் எனப் பட்டியல் நீளும். 2020 பிப்ரவரி 19 அன்று சென்னையை அடுத்த படப்பிடிப்புத் தளமொன்றில் கிரேன் சாய்ந்து மூவர் மாண்டனர். அத்தகைய வேளையில் தூக்க ஓடுபவர் கையுறையைத் தேடிக்கொண்டிருப்பாரா? அது முன்பே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இரத்தத்தின் வழிப் பரவும் கிருமிகளுள் முக்கியமானவை ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்று. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டறிந்தது முதல் நாம் எச்.ஐ.வி.க்கே பெரிதும் அஞ்சுகிறோம். ஆனால் நோயாளியின் இரத்தம் தோய்ந்த ஊசி ஒருமுறை குத்தினால் எச்.ஐ.வி. தொற்றுவது ஆயிரத்தில் சுமார் 3 பேருக்கே. தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்போ நூற்றுக்கு 6 முதல் 30 வரை! உலர்ந்த கறையிலும் அக்கிருமி 7 நாட்கள் உயிர்த்திருக்கும். இதற்கு நல்ல தடுப்பூசி உண்டு. தொழிலாளர் பலர் அதைப் போட்டுக்கொள்ளாதிருப்பதுதான் வருத்தம்.

அமெரிக்காவில் 1991இல் பணியிடங்களுக்கென விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின் உயிர்நாடி ஒன்றே: எவருடைய இரத்தமாயினும் கிருமி உள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும். இதில் ஒரு மனிதப் பண்பும் அடங்கியிருக்கிறது. 'உனக்கு நோய் உண்டா?' என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை. எவரையும் ஒதுக்கவும் வேண்டியதில்லை. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமும் பாகுபாட்டைத் தடுப்பதோடு, தொற்று அபாயம் மிகுந்த பணியிடங்களில் காப்புப் பொருள்களும் பயிற்சியும் தரப் பணிக்கிறது.

படப்பிடிப்பில் சாயமும் இரத்தமும் ஒரே நிறத்தில் தரையில் கலந்து கிடக்கும். துடைப்பவர் அவற்றைப் பிரித்தறிய இயலாது. ஆகவே கையுறை அணிந்து, பிளீச்சிங் கரைசல் ஊற்றியே துடைக்க வேண்டும். சண்டைக் காட்சியில் உடைந்த ஜாடி நம் விருத்தாசலத்துப் பீங்கானே ஆனாலும், துண்டுகளைக் கையால் பொறுக்கலாகாது. துடைப்பமும் முறமும் வேண்டும். காயத்தை மறைத்து வேலை செய்பவரை நான் குறை கூறமாட்டேன். அன்றைய கூலி போய்விடுமே என்ற அச்சம் அவருக்கு! அந்த அச்சத்தைப் போக்க வேண்டியவர் தயாரிப்பாளரே.

நாளை சேத்தியாத்தோப்பில் நாமே ஒரு நாடகம் போட்டாலும், ஆளுக்கொரு புது பிளேடு வேண்டும். பிறர் இரத்தம் பட்ட ஊசியோ பிளேடோ கிழித்துவிட்டால், அவ்விடத்தைப் பிதுக்காமல் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும். 28 நாட்கள் விடாமல் உண்ண வேண்டும்.