சேவலும் கருஞ்சிறுத்தையும்

1966ஆம் ஆண்டு, மே திங்கள் 3ஆம் நாள். அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே, அலபாமா மாநிலத்திலே, ஹெய்ன்வில் எனும் சிற்றூர். அங்கே ஒரு பாப்டிஸ்ட் தேவாலயம். அதன் முற்றத்திலே மக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றனர். பருத்திக் காட்டிலே குனிந்து குனிந்து முதுகு வளைந்த முதியவர். கைக்குழந்தையை இடுப்பிலே ஏந்திய தாய். ஞாயிற்றுக்கிழமை உடையை எடுத்து உடுத்தி வந்த உழவர். அத்தனை பேரும் கறுப்பர். அத்தனை பேர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு!

துண்டுச் சீட்டுதானே, அதற்கென்ன இத்தனை ஆரவாரம் என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள் தோழர்களே! அன்று அங்கே வாக்களித்தோர் சுமார் 900 பேர். அந்நாளுக்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்பு, அந்த வட்டாரத்து வாக்காளர் பட்டியலிலே கறுப்பர் பெயர் எத்தனை இருந்தது தெரியுமா? ஒன்றுகூட இல்லை! ஆம், ஒன்றே ஒன்றுகூட இல்லை!

லவுண்டஸ் கவுண்டி என்பது அந்த வட்டாரத்தின் பெயர். கவுண்டி என்றால் நம்மூர்த் தாலுகாவைப் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. 1960ஆம் ஆண்டுக் கணக்குப்படி மக்கள் தொகை சுமார் 15,000. அதிலே ஐந்துக்கு நான்கு பேர் கறுப்பர். நிலமோ, விரல்விட்டு எண்ணத்தக்க வெள்ளைக் குடும்பங்களின் கையிலே. உழுதவர் கறுப்பர், விதைத்தவர் கறுப்பர், பருத்தி எடுத்தவர் கறுப்பர். பணத்தை எண்ணியவர் மட்டும் வெள்ளையர்! வாரத்துக்கு உழுத குடிகள், ஆண்டு முடிவிலே கணக்குப் பார்த்தால், மிஞ்சுவது கடன்.

வாக்காளர் பட்டியலிலே நடந்த வேடிக்கையையும் சொல்ல வேண்டும். கறுப்பர் பெயர் ஒன்றும் இல்லை என்றோம். வெள்ளையர் பெயரோ, வயது வந்த வெள்ளையர் எத்தனை பேரோ அதைவிட அதிகம்! மாண்டவரும் பட்டியலிலே இருந்தனர், ஊரை விட்டுப் போனவரும் இருந்தனர். உயிரோடு இருந்து, உழைத்து, வரியும் கொடுத்த கறுப்பருக்கு மட்டும் இடமில்லை. செத்த வெள்ளையனுக்கு உள்ள மதிப்பு, வாழ்கின்ற கறுப்பனுக்கு இல்லை!

இது எப்படி நடந்தது? துப்பாக்கியால் மட்டும் அல்ல. சட்டத்தால்! 1901ஆம் ஆண்டு அலபாமா ஓர் அரசியல் சட்டம் இயற்றிக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றது. வாக்குக்கு வரி கட்டு என்றது. பின்னர் வந்த விதிகளோ இன்னும் கொடியவை. அரசியல் சட்டத்தின் பகுதியைப் படித்துப் பொருள் சொல் என்று தேர்வு. பட்டியலிலே ஏற்கெனவே உள்ள ஒருவர் சாட்சி சொல்லவேண்டும் என்று நிபந்தனை. கறுப்பர் ஒருவரும் பட்டியலில் இல்லாத ஊரிலே, கறுப்பருக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்? பதிவு அலுவலகமோ மாதத்திலே இரண்டு நாட்கள்தான் திறக்கும். பூட்டும் அவர்களிடம், சாவியும் அவர்களிடம், கதவு மட்டும் பொதுக்கதவாம்!

1965 மார்ச்சுத் திங்களிலே அந்தக் கதவைத் தட்டினர் சிலர். முதல் நாள் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். மறுபடியும் போனார்கள். இருவர் பெயர் ஏறிற்று. ஒருவர் கண்பார்வை இழந்த போதகர். மற்றவர் ஜான் ஹியூலெட். அவர் பட்டம் பெற்ற பண்டிதரல்ல. பர்மிங்காம் நகரிலே வார்ப்பட ஆலையிலே உழைத்தவர்; தொழிற்சங்கத்திலே பயிற்சி பெற்றவர்; பிறகு சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்தவர். ஆலைத் தொழிலாளத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சங்கத்திலே கற்ற பாடம், பருத்திக் காட்டிலே பயன்பட்டது!

அதே மாதத்திலே, செல்மா நகரிலிருந்து மாண்ட்கமரி வரை, டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலே பேரணி நடந்தது. பேரணி சென்ற பாதை லவுண்டஸ் வழியே. அது முடிந்த இரவு, மார்ச் 25ஆம் நாள், தொண்டர்களைக் காரிலே ஏற்றிச் சென்ற வயோலா லியுசோ எனும் வெள்ளை மாது, அந்த வட்டாரத்துச் சாலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு 20ஆம் நாள், ஹெய்ன்வில் ஊரிலே, ஜோனதன் டேனியல்ஸ் எனும் வெள்ளை இளைஞர், சமயக் கல்வி மாணவர், ஒரு கறுப்பினப் பெண்ணின்மீது பாய இருந்த குண்டைத் தன் மார்பிலே தாங்கி மடிந்தார். சுட்டவன் விசாரிக்கப்பட்டான். நடுவர் குழுவிலே அத்தனை பேரும் வெள்ளையர். தீர்ப்பு — குற்றவாளி அல்ல! வாக்காளர் பட்டியல் யார் கையிலோ, அவர் கையிலேதான் நீதியின் தராசும். ஓட்டு என்பது ஓட்டு மட்டும் அல்ல என்பதை அந்தத் தீர்ப்பு உலகுக்கு உரைத்தது.

1965 ஆகஸ்டு 6ஆம் நாள், வாக்குரிமைச் சட்டத்திலே கையெழுத்திட்டார் குடியரசுத் தலைவர் ஜான்சன். எழுத்தறிவுத் தேர்வு ஒழிந்தது. சில நாட்களிலேயே மத்திய அரசின் பதிவாளர்கள் லவுண்டசுக்கு வந்தனர். கறுப்பர் சாரை சாரையாகச் சென்று பெயர் பதிந்தனர்.

பண்ணையார்கள் சும்மா இருந்தனரா? பட்டியலிலே பெயர் எழுதினாயா, பண்ணையிலே இடமில்லை, போ என்றனர். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த குடிசையிலிருந்து குடும்பம் குடும்பமாக விரட்டினர். 1965 டிசம்பரிலே, குளிர் கொட்டும் வேளையிலே, நெடுஞ்சாலை ஓரத்திலே கூடாரம் அடித்தனர் விரட்டப்பட்டவர்கள். அடுப்புண்டு, விறகுண்டு, குழந்தைகளின் அழுகையுண்டு. அவ்வப்போது இருட்டிலே காரிலே வந்து சுட்டுவிட்டு ஓடும் கயவரும் உண்டு. கூடார நகர் என்று பெயர் பெற்றது அது. ஓட்டுக்கு விலை உண்டு என்கிறார்களே, அந்த மக்கள் கொடுத்தது அந்த விலை! ஓட்டை விற்று வீட்டைக் காத்தவர்களல்லர்; வீட்டை இழந்து ஓட்டைக் காத்தவர்கள்!

பதிவு ஆயிற்று. இனி யாருக்குப் போடுவது? இங்கேதான் தோழர்களே, கதையின் உயிர்நிலை.

அலபாமாவிலே அன்று ஆண்டது ஜனநாயகக் கட்சி. பெயரிலே ஜனநாயகம், ஆளுநரோ, இனப்பிரிவினை என்றென்றும் இருக்கும் என்று முழங்கிய ஜார்ஜ் வாலஸ்! அக்கட்சியின் சின்னம் சேவல். அந்தச் சேவலின் தலைக்கு மேலே பொறித்திருந்த வாசகம், வெள்ளையர் மேலாண்மையைப் போற்றும் வாசகம். 1966ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை அது வாக்குச் சீட்டிலேயே இருந்தது. கறுப்பரும் ஓட்டுப் போடப் போகிறார்கள் என்றானதும், வாசகத்தை மாற்றினார்கள். வாசகம் மாறிற்று, சேவல் மாறவில்லை!

மாநிலத்தின் பிற தலைவர்கள் சிலர், உள்ளே நுழைந்து திருத்தலாம் என்று புத்தி சொன்னார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் லவுண்டஸ் மக்கள் சேவல் கூட்டுக்குள்ளே போக மறுத்தனர். ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலான மாணவர் இயக்கத் தொண்டர்கள் துணை நின்றனர். சட்டப் புத்தகத்தைப் புரட்டினர். கவுண்டி அளவிலேயே தனிக்கட்சி காணலாம் என்று ஒரு பழைய விதி. பூட்டியவனின் புத்தகத்திலேயே சாவி கிடைத்தது! பிறந்தது லவுண்டஸ் கவுண்டி விடுதலை அமைப்பு. தலைவர் ஜான் ஹியூலெட். சின்னம் — கருஞ்சிறுத்தை.

ஏன் சிறுத்தை? யாரையும் தானாகச் சென்று தாக்காது. தள்ளத் தள்ளப் பின்வாங்கும். மூலையிலே நெருக்கினால், சீறி எழும். இதுதான் ஹியூலெட் தந்த விளக்கம். எழுத்தறியா மக்களுக்குச் சின்னமே எழுத்து. சேவல் எது, சிறுத்தை எது என்று அறியப் பள்ளிக்கூடம் வேண்டுமோ!

சின்னத்தோடு நிற்கவில்லை அவர்கள். ஷெரீப் என்ன செய்ய வேண்டும், வரி மதிப்பாளர் வேலை என்ன, கல்விக் குழுவின் அதிகாரம் என்ன என்று படம் போட்ட சிறு நூல்கள் அச்சிட்டு வீடு வீடாக வழங்கினர்; கூட்டம் கூட்டிக் கற்பித்தனர். பதவியின் பெயரைக்கூட உச்சரிக்க அஞ்சிய மக்கள், அந்தப் பதவிக்கே போட்டியிடத் துணிந்தனர். ஏழு வேட்பாளர்கள், அவர்களிலே இருவர் பெண்கள். வரி மதிப்பாளர் பதவிக்கு நின்ற ஆலிஸ் மூர் அம்மையாரின் திட்டம், செல்வரிடம் உரிய வரி வாங்கி ஏழைக்குப் பயன்படுத்துவது. கேட்டதும் பண்ணையாருக்கு வியர்த்திருக்காதா!

புதிய கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், மற்றக் கட்சிகளின் முதற்கட்டத் தேர்தல் நடக்கும் அதே நாளிலே, வாக்குச்சாவடிக்கு அருகிலே கூட்டம் நடத்த வேண்டும் என்பது விதி. நீதிமன்ற வளாகத்தின் புல்தரையைக் கேட்டனர். ஷெரீப் மறுத்தார். கூடியே தீருவோம் என்றனர் மக்கள். இழுபறி வளர்ந்தது. கடைசியிலே, அரை மைல் தொலைவிலிருந்த தேவாலய முற்றத்திலே நடத்த வழி பிறந்தது. முதலிலே நாம் காட்டிய காட்சி அதுதான்! ஆயுள் முழுவதும் ஆளப்பட்டவர்கள், ஆளுவோரைத் தாமே பொறுக்கி எடுத்த முதல் நாள்!

நவம்பர் 8ஆம் நாள் பொதுத் தேர்தல். பட்டியலிலே அப்போது கறுப்பர் எண்ணிக்கை வெள்ளையர் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது. வெற்றி உறுதி என்றுதான் நாமும் எண்ணுவோம். பெட்டியைத் திறந்தனர். கருஞ்சிறுத்தைக்குச் சுமார் 1,600. சேவலுக்குச் சுமார் 2,300. ஏழு இடங்களிலும் தோல்வி!

எங்கே போயின கறுப்பர் வாக்குகள்? பண்ணையார்களின் லாரிகளைக் கேளுங்கள், சொல்லும்! விடியற்காலையிலே லாரி குடிசை வாயிலிலே வந்து நின்றது. வாரக்குடிகள் ஏற்றப்பட்டனர். எங்கே குறியிட வேண்டும் என்று காட்டும் மாதிரிச் சீட்டு கையிலே திணிக்கப்பட்டது. சாவடியிலே பண்ணையாட்களின் கண் பார்த்துக்கொண்டே இருந்தது. ஓட்டு அவன் ஓட்டுத்தான். விரலும் அவன் விரல்தான். அதை அசைத்த நரம்பு மட்டும் பண்ணையாருடையது! அன்று மாலை போர்ட் டெபாசிட் ஊரிலே சிறுத்தைக் கட்சித் தொண்டர் ஒருவரை அடித்து இரத்தம் சிந்த வைத்தனர் குண்டர்கள். கூடாரத்திலே இருந்தவன் அஞ்சாமல் வாக்களித்தான். குடிசையிலே இருந்தவன் குடிசைக்காக அஞ்சினான். அவனை நாம் ஏசமாட்டோம். அவன் துரோகி அல்ல, பசியின் கைதி!

அழுதுகொண்டு அமர்ந்துவிட்டனரா லவுண்டஸ் மக்கள்? இல்லை! ஐந்திலே ஒரு பங்குக்குமேல் வாக்குப் பெற்றதால், சட்டப்படி ஏற்கப்பட்ட கட்சியாயிற்று அவர்கள் கட்சி. பணி தொடர்ந்தது. நான்கே ஆண்டுகள். 1970ஆம் ஆண்டுத் தேர்தலிலே ஷெரீப் பதவிக்கு வென்றவர் யார்? ஜான் ஹியூலெட்! பதிவு அலுவலகத்திலே ஒருகாலத்தில் வெளியே காக்கவைக்கப்பட்டவர், அந்த வட்டாரத்தின் காவலுக்கே தலைவரானார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியிலே இருந்தார். அவர்களது சின்னமோ, அதற்கு முன்பே, 1966 அக்டோபரிலே, கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகருக்குத் தாவி, உலகறிந்த ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது.

கதை இத்தோடு மங்களம் பாடி முடிவதாக இருந்தால், இதை எழுத வேண்டிய தேவையே நமக்கு இல்லை. 2013ஆம் ஆண்டு, அதே அலபாமாவின் ஷெல்பி எனும் மற்றொரு கவுண்டி தொடுத்த வழக்கிலே, அமெரிக்க உச்சநீதிமன்றம், ஐவருக்கு நால்வர் எனும் கணக்கிலே, 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கிற்று. பழைய கொடுமைக்குப் பேர்போன மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெறவேண்டும் என்ற காப்பு, அத்தோடு செயலிழந்தது. லவுண்டசிலோ, கழிவுநீர் போக வழியின்றி வீட்டுக் கொல்லையிலே தேங்கும் அவலம் இந்த நூற்றாண்டிலும் தொடர்கிறது. 2023ஆம் ஆண்டு மத்திய நீதித்துறை தலையிட்டு, மாநிலத்தோடு ஓர் உடன்பாடு கண்டது. 2025ஆம் ஆண்டு டிரம்ப் அரசு அதை முறித்தது. வாங்கிய உரிமையைக் காவல் காக்காவிட்டால், வந்த வழியே அது போய்விடும்!

இதையெல்லாம் நமக்கு ஏன் சொல்கிறீர் என்று கேட்பீர்கள். நமக்கும் அவர்களுக்கும் நிறத்திலே உறவு தேடவில்லை நாம். நிலையிலே உறவு காண்கிறோம். நம் நாட்டிலே, அரசியல் சட்டம் வந்த 1950ஆம் ஆண்டிலேயே, படித்தவனுக்கும் பாமரனுக்கும் ஒரே ஓட்டு என்றாயிற்று. முதல் பொதுத் தேர்தலிலே, வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம் என்று வைத்தனர். தேர்வு எழுதாமல் நம் பாட்டன் வாக்களித்தான். ஆனால் பண்ணையாரின் வண்டியும், அவர் கண்ணின் மிரட்டலும் நாம் அறியாதனவா? 1957இலே 15 இடம், 1962இலே 50 இடம், 1967இலே ஆட்சி! ஒரே நாளிலே உதிக்கவில்லை சூரியன். ஊர் ஊராக, தெருத் தெருவாக, இருட்டை விலக்கி விலக்கித்தான் உதித்தது.

ஆகவே தோழர்களே! பட்டியலிலே உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அண்டை வீட்டுக்காரர் பெயரையும் பாருங்கள். குடிசையிலே இருப்பவன் அஞ்சினால் அவனை ஏசாதீர்கள். அவனருகே சென்று நில்லுங்கள். வாக்களிக்கும் நாளிலே எவர் வண்டிக்கும் காத்திராதீர்கள், நடந்து செல்லுங்கள்.

ஏற்றிச் செல்லப்பட்டவன் ஓட்டு, வண்டிக்காரனுக்கு. நடந்து சென்றவன் ஓட்டு, நாட்டுக்கு!