‘ஏ பிளஸ் பிளஸ்’ யாருக்கு?

சேப்பாக்கம் கடற்கரையோரம் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் உத்திரமேரூர் கிராமங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். திருப்புலிவனம் அரசு கலை, அறிவியல் கல்லூரியில் படித்து முடிக்கும் பிள்ளைக்குப் பட்டம் தருவது அந்தப் பல்கலைக்கழகம்தான். காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் அப்படியே. ஆகவே, அங்கே நடக்கும் நல்லது கெட்டது எல்லாம் நம் ஊர்க் காரியமும்தான்.

முதலில் நல்லதைச் சொல்வோம். 1857 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட இந்தப் பல்கலைக்கழகத்துக்கு, 2023 ஆகஸ்டில் தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவான ‘நாக்’ 4-க்கு 3.59 புள்ளி அளித்து, ‘ஏ பிளஸ் பிளஸ்’ என்ற உயர்ந்த தகுதியை வழங்கியது. அதே மாதம் 6-ஆம் தேதி நடந்த 165-ஆவது பட்டமளிப்பு விழாவில், பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கலந்துகொண்டார். பெருமைதான். ஆனால், அந்தத் தகுதியின் பலன் நம் சேரிகளுக்கு வந்து சேருகிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

தகுதி என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் பழைய வரலாறு உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. சபையில் உறுப்பினராக வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை வேண்டும் என்கின்றன அவை. ஜனநாயகத்தின் முன்னோடி என்று நாடே அவற்றைப் போற்றுகிறது. நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் போக வழியே இல்லை.

சுமார் 950 ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோவையில் படித்த காலத்தைத் தன் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். சுமார் 400 பேர் படித்த இடத்தில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, மற்ற மாணவர்களோடு பழகாமலே ஒதுங்கி இருந்திருக்கிறார். அவர்தான் பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் நம் மக்களுக்காக வாதாடினார்.

இன்று கல்லூரி வாசலில் யாரும் சாதி கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. பணம்தான் திருப்பி அனுப்புகிறது. தகவல் தெரியாததும் திருப்பி அனுப்புகிறது. அதற்கான வழிகளை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் 2010-11 முதல் இலவசக் கல்வித் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. அதன் இணைப்புக் கல்லூரிகளில் ஏழை மாணவர்கள் கட்டணமின்றி இளநிலைப் பட்டம் படிக்கலாம். பெற்றோரை இழந்தவர்கள், கைம்பெண்களின் பிள்ளைகள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. பிளஸ் 2 முடிவு வந்ததும் சில நாட்களே அவகாசம் இருக்கும். அதற்குள் பல்கலைக்கழக இணையதளத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும்.

சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் கவலை வேண்டாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்பதுதான் 2012-இல் வந்த அரசாணை 92. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். “முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள்” என்று கல்லூரி சொன்னால், அந்த அரசாணையின் நகலை முன்னால் வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

முதுநிலை படிப்புக்குச் சேப்பாக்கம் போக நினைப்பவர்களுக்குத் தங்குமிடம்தான் பெரிய சிக்கல். உத்திரமேரூரிலிருந்து தினமும் சென்னைக்குப் போய் வந்தால் நூலகத்தில் உட்கார நேரம் இருக்காது. சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதிக்கு 2025-இல் 10 தளங்களோடு புதிய கட்டடம் வந்திருப்பது நல்ல செய்தி. இத்தகைய அரசு விடுதிகளுக்கு அதே ஆண்டு ‘சமூகநீதி விடுதி’ என்று பெயரும் மாற்றப்பட்டது. பெயருக்கு ஏற்ற சோறும் தண்ணீரும் கழிவறையும் எல்லா விடுதிகளிலும் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவே பல்கலைக்கழகமே தள்ளாடுகிறது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு, ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான இழுபறியால் அடுத்தவர் நியமிக்கப்படவில்லை. நிர்வாகம் ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது. 2024 தொடக்கத்தில் வரிப் பாக்கிக்காக வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. ஓய்வூதியர்கள் போராடினார்கள். பேராசிரியர் பணியிடங்கள் பல காலியாகவே கிடந்தன.

காலியிடம் என்றால் நமக்கு இரட்டை இழப்பு. பாடம் நடத்த ஆள் இல்லை என்பது ஒன்று. நிரப்பாத பணியிடத்தில் நமக்கு உரிய 18 சதவீதமும், அதற்குள் அருந்ததியருக்கான 3 சதவீதமும், பழங்குடியினருக்கான 1 சதவீதமும் காகிதத்திலேயே தங்கிவிடுகின்றன என்பது இன்னொன்று. அரசுப் பல்கலைக்கழகம் பணமின்றி மெலிந்தால், வசதி உள்ளவர்கள் தனியாருக்குப் போய்விடுவார்கள். நம் பிள்ளைகளுக்குப் போக வேறு இடம் இல்லை.

எனவே, அரசு போதிய நிதி தர வேண்டும். பின்னடைவுக் காலியிடங்களைத் துறைவாரியாக வெளியிட்டு, முதலில் அவற்றை நிரப்ப வேண்டும். வெளியிடாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மாணவர்களே கேட்கலாம்.

ஊரில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்பே தயார் செய்யுங்கள். முடிவு வரும் நாளில், படித்த இளைஞர்கள் ஒரு கைப்பேசியோடு காலனியின் அம்பேத்கர் மன்றத்தில் உட்காருங்கள். பிளஸ் 2 முடித்த ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.