ஒரு சொல், மூன்று தொழில்

கிழக்கேகோட்டையில் காத்து நிற்கையில், கேரள அரசுப் பேருந்தின் ‘ஃபாஸ்ட் பாசஞ்சர்’ பலகையைக் காண்கிறோம். பெயரைத் தழுவுவதால் இங்கு ‘ஃபாஸ்ட்’ பெயருரிச்சொல். ‘பஸ் ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்கையில், ஓடும் விதத்தை உணர்த்துவதால் அதுவே வினையுரிச்சொல். ஏகாதசி நோன்பைக் குறித்தாலோ பெயர்ச்சொல்.

தமிழில் ‘விரைவான’, ‘விரைவாக’ என ஈறே வேற்றுமை காட்டும். ஆங்கிலத்திலோ, சொல் எதைத் தழுவுகிறது என்றே பல இடங்களில் நோக்கவேண்டும். ஈற்றை மட்டும் நம்பலாகாது. ‘ஒர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறார். ‘ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்றால் வேலையே செய்வதில்லை எனலாம். இரண்டும் வினையுரிச்சொற்களே, பொருளோ நேர்மாறு.

ஊழியர் ஒருவரின் பணிக்குறிப்பை மொழிபெயர்க்கையில் நாமே இதில் தடுமாறினோம். கையொப்பமாகுமுன் திருத்தியிராவிடில், அந்த உழைப்பாளி ஏட்டில் சோம்பேறியாகியிருப்பார்.