30 விழுக்காடு போதும்

நாலு மாதக் குழந்தையை மடியில் கிடத்தி, "ங்கா சொல்லு" என்று கேட்காத வீடு உண்டா? குழந்தை காலை உதைக்கும், உதட்டைக் குவிக்கும், கடைசியில் எங்கிருந்தோ ஒரு "ங்கா" வரும். "அப்படியா? அப்புறம்?" என்போம். பேச்சில் பொருள் ஒன்றும் இல்லை. ஆனால் இருவரும் முறைவைத்துப் பேசுகிறார்கள்.

இந்தப் பேச்சைப் பாதியில் அறுத்துப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக். எளிய சோதனைதான். அம்மா குழந்தையை எதிரே உட்காரவைத்து வழக்கம்போலக் கொஞ்சுவார். பிறகு சற்றுத் திரும்பி, மறுபடி பார்க்கும்போது முகத்தில் சலனமே இருக்காது. கண் மட்டும் குழந்தை மேல். இரண்டு மூன்று நிமிடம், அவ்வளவுதான்.

குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். அப்புறம் கையை நீட்டும், குரலை உயர்த்தும், அம்மாவை மசியவைக்கத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டும். எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு விரல் சூப்பும். சில குழந்தைகள் வீறிட்டு அழுதுவிடும். யாரும் அடிக்கவில்லை, அதட்டவில்லை. அம்மா எதிரேதான் இருக்கிறார். 1978இல் கட்டுரையாக வந்த இந்தச் சோதனையைப் பின்னாளில் அப்பாக்களை வைத்தும் செய்தார்கள், செல்போனில் மூழ்கிய அம்மாக்களை வைத்தும் செய்தார்கள். குழந்தைகள் அப்போதும் கலங்கத்தான் செய்தன.

இதைச் சொல்லித் தாய்மார்களைக் கடிந்துகொள்வது சுலபம். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது டிரானிக்கின் இன்னொரு கணக்கு. சாதாரணக் கொஞ்சலைப் படம்பிடித்து நொடிநொடியாக நிறுத்திப் பார்த்தபோது, நல்ல ஒட்டுதல் உள்ள தாயும் சேயும்கூட ஒத்த மனநிலையில் இருந்தது ஏறக்குறைய 30 விழுக்காடு நேரம்தான். மீதி நேரமெல்லாம் பிசகல். விளையாட்டு போதும் என்று குழந்தை தலையைத் திருப்பும். அம்மா இன்னும் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருப்பார். சட்டென்று புரிந்து கையை எடுப்பார். குழந்தை கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, தானே திரும்பிச் சிரிக்கும். பிணைப்பு இறுகுவது இப்படி விட்டதைப் பிடிக்கும்போதுதான் என்பது டிரானிக்கின் வாதம். தன் குரல் எடுபடும், அறுந்தது ஒட்டும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறதாம்.

"தூக்கித் தூக்கிப் பழக்கிட்டா இறங்காது" என்று பாட்டிமார் சொல்வார்களே, அதுவும் ஆய்வுக்கு வந்த விஷயம்தான். அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களுக்கு ஓராண்டு போய்வந்த ஆய்வாளர்கள் மேரி ஐன்ஸ்வொர்த்தும் சில்வியா பெல்லும் 1972இல் எழுதியது இதற்கு நேர்மாறு: அழுதவுடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள் ஆண்டு முடிவில் குறைவாகவே அழுதன. ஆனால் 1991இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. சிணுங்கலுக்கெல்லாம் உடனே ஓடாத வீடுகளில் அழுகை சற்றுக் குறைவாகக்கூட இருந்தது. பாட்டிக்குப் பாதி வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம். எப்படியும், ஒவ்வொரு சிணுங்கலுக்கும் ஓட எந்த வீட்டிலும் ஆள் இல்லை.

அடுப்பில் பால் பொங்கும் நேரம் பார்த்துத் தொட்டிலில் அழுகை கிளம்பும். "இதோ வந்துட்டேன் தங்கம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் அழுகை ஒரு கணம் நின்று காதுகொடுக்கும். பிறகு ஆள் வந்து சேரும்வரை விட்ட இடத்திலிருந்து தொடரும்.