சம்ப்பிலிருந்து மாடித்தொட்டிக்கு

தங்கவயலைச் சேர்ந்த எங்கள் ஊரிகத்தில் ‘சம்ப்’ என்ற சொல் இரண்டு இடங்களில் வழங்கும். குழாய்த் தண்ணீர் நாள்தோறும் எட்டிப் பார்ப்பதில்லை என்ற காரணத்தால் முற்றத்தின் அடியில் கட்டி மூடி போட்டு வைத்திருக்கும் நிலத்தொட்டி ஒன்று. சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களின் பேச்சிலே, பாறை கசிந்த நீரெல்லாம் வந்து தேங்கிய, ஷாப்டின் அடிக்குழி மற்றொன்று. இரண்டிலும் நீரை மேலேற்ற மின்சாரம் வேண்டும். கரண்டு பில் வந்ததும், “எல்லாம் அந்த மோட்டார் செய்கிற வேலை” என்று பழி போடும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டபடியால், அது நியாயந்தானா என்று மீட்டரையே சாட்சியாக வைத்து விசாரிக்கலாம்.

எங்கள் மீட்டரின் முகத்தில் 3200 என்ற எண் அச்சிட்டிருக்கிறது; அதிலுள்ள சிவப்பு விளக்கு அத்தனை தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் என்பது பொருள். விளக்கு, விசிறி, பிரிட்ஜ் யாவற்றையும் நிறுத்தி, ஒரு குதிரைசக்தி மோட்டாரை மாத்திரம் ஓடவிட்டு, கைக்கடிகாரத்தோடு நின்று எண்ணியபோது நிமிஷத்துக்கு 55 சிமிட்டல் வந்தது. மணிக்கு ஒரு யூனிட்டும் சொச்சமும். குதிரைசக்தி என்பது 746 வாட்தானே, மிச்சம் எங்கே என்று கேட்பவர்களுக்கு விடை எளிது: 746 என்பது மோட்டாரின் தண்டு வெளியே கொடுக்கும் வேலை, உள்ளே செம்புச் சுருள் சூடேறி வீணாவதையும் மீட்டர் விடாமல் எண்ணுகிறது. ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்ப 20 நிமிஷம். ஆகவே மூன்றில் ஒரு யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2 ரூபாய்; தினமும் நிரப்பினாலும் மாதம் 60 ரூபாய்தான். 2000 வாட் கீசர் அரைமணி நேரத்தில் விழுங்குவது இந்த மோட்டாரின் மூன்று நாள் ஆகாரம்! கர்நாடகத்தில் 2023 முதல் நடைமுறையிலுள்ள கிருஹ ஜோதி இலவச மின்சாரத் திட்டத்தில், இலவச அளவு வீட்டின் பழைய சராசரியை ஒட்டியே நிர்ணயிக்கப்படுவதால், மோட்டாரின் மாதப் பத்து யூனிட்டைக் கவனிக்க வேண்டியவர்களும் உண்டு.

உண்மையான நஷ்டம் வேறிடத்தில் நிகழ்கிறது. புட்வால்வில் சிறு கல் சிக்கினால், குழாயில் நின்ற நீர் இரவோடிரவாக சம்ப்புக்கே இறங்கிவிட, காலையில் மோட்டார் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு சுழலும். சத்தம் இருக்கும், தண்ணீர் ஏறாது, சிவப்பு விளக்கோ தன் கடமையை மறவாது. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் 50 நிமிஷம் இப்படி ஓடவிட்டு, மாடித்தொட்டி காலியாயிருந்ததை வெகுநேரம் கழித்தே கண்டேன். சீல் தேய்ந்து மோட்டார் ரிப்பேருக்குப் போனது வேறு கதை. தொட்டி வழிந்து சுவரெல்லாம் நனைவதும் இதே ரகம்.

ஆயிரம் லிட்டரைப் பத்து மீட்டர் உயர்த்த இயற்கை கேட்பது 0.027 யூனிட்தான், நம் சிறு மோட்டார்கள் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் செலவிடுகின்றன. அதே நீரை இங்குள்ள சாம்பியன் ரீப் சுரங்கத்தின் 3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றுவதென்றால், நஷ்டமே இல்லையென்று கொண்டாலும் 8 யூனிட் வேண்டும். அப்பேர்ப்பட்ட பாரத்தைச் சுமக்கத்தான், திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டபடி, சிவசமுத்திரத்துக் காவிரியிலிருந்து சுமார் 92 மைல் கம்பி இழுத்து 1902-ல் இந்தத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களுக்கு அந்த வெளிச்சம் கிடைக்க மேலும் மூன்று வருஷம் ஆயிற்று. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டு, பிறகு இறைக்கும் மோட்டார்களும் நின்றபின், அடிக்குழி நீர் ஒவ்வொரு தளமாக மூழ்கடித்துக்கொண்டு, ஒரு யூனிட்டும் செலவில்லாமல் தானே மேலேறி வந்துவிட்டது.