பிச்சாவரம் திட்டில் கூடாரம் போடலாமா?

கீரப்பாளையத்துக்காரர்களுக்குப் பிச்சாவரம் என்பது சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிற இடம். சிதம்பரம், கிள்ளை வழியாக ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். படகில் ஒரு சுற்று, போட்டோ, திரும்பும்போது சிதம்பரத்தில் சாப்பாடு. அவ்வளவுதான். பெங்களூரில் இருந்து வந்த அக்கா பையன்தான் புதுசாக ஒன்று கேட்டான். "மாமா, அந்தமான் வரைக்கும் எதுக்குப் போகணும்? இங்கயே தீவு இருக்கே. எம்ஜிஆர் திட்டுல ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கலாமா?"

சட்டப்படி பதில் சுருக்கமானது. பிச்சாவரம் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே தப்பு, ராத்திரி தங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் "ஆபீசர் விடமாட்டார்" என்று சொன்னால் அவன் கேட்கிற வயசில் இல்லை. அந்த மணலே ராத்திரி படுக்கிற இடம் இல்லை என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதை அவனுக்குச் சொல்வதற்காகப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். 1975இல் வந்த 'இதயக்கனி' படத்துக்காக எம்ஜிஆர் இங்கே வந்து நடித்தார். அதனால்தான் எம்ஜிஆர் திட்டு என்று சொல்வார்கள். எனக்கு அதில் எம்ஜிஆரைவிட 'திட்டு'தான் முக்கியமாகப் படுகிறது. நம்ம பக்கத்தில் யாரும் அதைத் தீவு என்று சொல்வதில்லை. தண்ணீருக்கு நடுவே மேடாகத் தங்கிப்போன நிலம் திட்டு. கொள்ளிடத்துக்குள் இருக்கிற திட்டுக்காட்டூர், பெராம்பட்டு, கீழகுண்டலபாடி ஆட்களைக் கேட்டால் தெரியும். 2018லும் 2022லும் ஆகஸ்ட் மாதம் மேட்டூர்த் தண்ணீர் வந்தபோது அந்த ஊர்களெல்லாம் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டன. ஆற்றுத் திட்டுக்காவது வண்டல் பிடிப்பு உண்டு. கடல் திட்டு வெறும் மணல்.

அந்த மணல் எப்படி அங்கே வந்தது? வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிறது, தெற்கே கொள்ளிடம். இரண்டும் மழைக்காலத்தில் மணலையும் வண்டலையும் கொண்டுவந்து தள்ளுகின்றன. கடல் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. அலை கரையில் சாய்வாக வந்து அடிப்பதால் மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பும். வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இப்படிப் போய்வருகிற மணல் கரைக்கு இணையாக நீளமான மேடாகக் குவிகிறது. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முகத்துவாரம் தூர்ந்துபோகும், ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் உடைத்துக்கொண்டு திறக்கும். போன வருஷம் நடந்த இடத்தில் இந்த வருஷம் தண்ணீர் ஓடலாம்.

இந்த மணல்மேட்டுக்குப் பின்னால்தான் காடு. ஏறத்தாழ 1,100 ஹெக்டேர், ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் திட்டுகள், நடுவே வாய்க்கால்கள். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். படகில் போகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் சுரபுன்னை. குடைக்கம்பி மாதிரி வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கும், காய் மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்கும். ஆனால் அது வாய்க்கால் ஓரத்தில் ஒரு பட்டைதான். உள்ளே போனால் வெண்கண்டல்தான் பெரும்பகுதி. சுரபுன்னை உப்பை வேரிலேயே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, வெண்கண்டல் உள்ளே விட்டு இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெண்கண்டல் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். (தில்லையிடம் இந்த வேலை வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான்.) அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஒரு கலப்பினச் சுரபுன்னையும் இங்கே உண்டு, ரைசோபோரா அண்ணாமலையானா. பேர் வைத்தவர் பேராசிரியர் கதிரேசன்.

கவனிக்க வேண்டியது, இந்த மரம் எதுவும் கடலைப் பார்த்த பக்கம் நிற்பதில்லை. நேரடி அலையில் கன்று வேர்பிடிக்காது. மணல்மேடு அலையைத் தாங்கிக்கொள்வதால்தான் பின்னால் தண்ணீர் அமைதியாகி, சேறு படிந்து, காடு முளைத்தது. அந்தக் காட்டுக்கும் பின்னால் ஊர்கள். மணல்மேடு காட்டுக்கு மறைவு, காடு ஊருக்கு மறைவு. மணல்மேட்டில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் முன்னால் எந்த மறைவும் இல்லை.

குடியிருந்தார்கள் என்பதைத்தான் பையனிடம் அழுத்திச் சொன்னேன். எம்ஜிஆர் திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு எல்லாம் மீனவர் குடியிருப்புகள். கடலும் உப்பங்கழியும் இரண்டு பக்கமும் கிடைக்கிற இடம், தொழிலுக்கு அதைவிட வசதி வேறில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29க்குச் சுமத்ரா பக்கம் நிலநடுக்கம், ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் அலை இங்கே வந்துவிட்டது. திட்டில் இருந்தவர்களுக்கு ஓட மேடு இல்லை. பின்னால் போனாலும் தண்ணீர்தான். பலர் இறந்தார்கள், வீடுகள் போயின. பிழைத்தவர்களுக்குப் பிறகு உள்நிலத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

இதை வைத்து ஆய்வாளர்கள் நடத்திய சண்டை சுவாரஸ்யமானது. 2005 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் ஃபின் டேனியல்சன் குழுவின் கட்டுரை வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் செல்வமும் அதில் உண்டு. அவர்கள் பார்த்த கடலூர் மாவட்டக் கடற்கரையில் கண்டல் காட்டுப் பகுதியில் ஐந்து ஊர்கள். கடலோரம் இருந்த இரண்டும் முழுசாக அழிந்தன, காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்றுக்கும் சேதமில்லை. அதே வருஷம் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குடியிருப்புகளின் கணக்கை வைத்து, காடு உயிரைக் காத்தது என்றார்கள். அடுத்த வருஷமே கெர், பேர்ட், கேம்ப்பெல் மூவரும் அதே எண்களை வேறு மாதிரி கணக்குப் போட்டு மறுத்தார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், இவைதான் காரணம். அந்த இரண்டும் சமமாக இருந்தால் மரத்தால் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை என்பது அவர்கள் வாதம்.

எனக்குத் தோன்றுவது, இரண்டையும் பிரிப்பது இங்கே கஷ்டம். காட்டுக்குப் பின்னால் இருக்கிற ஊர் கடலிலிருந்து தூரமாகவும்தான் இருக்கும், காடே அந்தத் தூரத்தில்தானே நிற்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் தகராறு இல்லை. தாழ்வு, கடலை ஒட்டியது, முன்னால் மரமில்லை. யார் கணக்குப்படி பார்த்தாலும் திட்டுதான் மோசமான இடம்.

"சுனாமி தினமுமா வருது?" என்றான். வராதுதான். இங்கே சாதாரண ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் வங்கக்கடலில் புயல் வருஷா வருஷம் வருகிறதே! ராத்திரியில் காற்று திரும்பினால் இருட்டில் வாய்க்கால் வாய்க்கால் எல்லாம் ஒரே மாதிரி. அங்கேயே தொழில் செய்கிறவர்கள் பகலில் போய்வருகிறார்கள் என்பதே போதுமான தகவல்.

கடைசியில் தை மாதம் இரண்டு நாள் போனோம். முதல் நாள் மத்தியானம் படகு. மணல்மேடு வரை கொண்டுபோய்விட்டார்கள், அரை மணி நேரம் நடந்தோம். அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த இடங்களில் மட்டும் மணல் கொஞ்சம் இறுகியிருந்தது, மற்ற இடத்தில் கால் புதைந்தது. ராத்திரி கிள்ளையில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் டென்ட் போட்டுக்கொண்டான். கொசுவுக்குப் பயந்துதான் அது உபயோகப்பட்டது.

விடிகாலையில் வாய்க்கால் கரைக்குப் போனதுதான் பயணத்தில் நல்ல பகுதி. வலசை வந்த உள்ளான்கள் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. பிடித்ததைப் பறியில் போட்டுக்கொள்கிறார்கள். கான் சாகிப் வாய்க்கால் வழியாக நம்ம பக்கத்து வயல் வடிகால் தண்ணீரும் இந்தக் காட்டுக்குத்தான் வந்து சேர்கிறது என்று சொன்னபோதுதான் பையன் கேமராவைக் கீழே வைத்தான்.

போகிறவர்கள் தை, மாசியில் போங்கள். கார்த்திகையில் மழை, சித்திரையில் மணல்மேட்டில் நிற்க முடியாது, ஒதுங்க நிழலே கிடையாது. குடிதண்ணீர் கையில் எடுத்துப் போங்கள். படகு ஓட்டுகிறவரிடம் இதயக்கனி எங்கே எடுத்தார்கள் என்று கேட்டால் நிச்சயம் காட்டுவார். 2004க்கு முன்னால் வீடுகள் எங்கே இருந்தன என்றும் கேளுங்கள்.